காப்ரா ஏரியில் ஒரு காலை: பாடியா, லென்ஸா?

ஹைதராபாத் குஷாய்குடாவிலிருந்து கிளம்பும்போது காலை 5.30 மணி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பை, என் முதுகில் ஒரு பை. இரண்டிலும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்த கேமராக்கள். நண்பரின் தந்தை பணி ஓய்வுக்குப் பின் பறவைகளைப் படமெடுக்க மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறார். "பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். "கடையில நின்னு சொல்ல முடியாது சார், ஏரிக்குப் போய்ப் பார்த்திடலாம்" என்று அழைத்து வந்தேன்.

இசிஐஎல் கிராஸ் ரோட்ஸ் தாண்டி காப்ரா ஏரி. உள்ளூரில் தெலுங்கில் 'செருவு' என்பார்கள். கரையோரம் ஆகாயத்தாமரை. அதன் விளிம்பில் இரண்டு நீலத்தாழைக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

சிறிய பையில் இருந்தது கேனான் ஆர்7, அதோடு 100-400 லென்ஸ். இரண்டும் சேர்த்து ஒன்றேகால் கிலோ. சிறிய சென்சார் என்பதால் 400 மி.மீ. லென்ஸ் 640 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். பெரிய பையில் ஃபுல்ஃப்ரேம் நிகான் இசட்6 III, 180-600 லென்ஸ். கிட்டத்தட்ட மூன்று கிலோ. வியூஃபைண்டரில் பார்த்தால் இரண்டிலும் பறவை ஏறக்குறைய ஒரே அளவுதான். "அப்புறம் எதுக்குத் தம்பி இவ்வளவு கனம்?" என்றார் சார்.

பதில் சற்று நேரத்தில் பறந்து வந்தது. ஒரு கொக்கு தாழ்வாகக் கடந்தது. இறக்கை கலங்காமல் இருக்க ஷட்டர் 1/2000. சிறிய லென்ஸ் 400-இல் எஃப்/8 வரைதான் திறக்கும். ஐஎஸ்ஓ 12,800-க்கு ஏறியது. பெரிய லென்ஸ் 600-இல் எஃப்/6.3, ஐஎஸ்ஓ 8,000. எண்ணில் சிறிய வித்தியாசம், படத்தில் பெரிய வித்தியாசம். காரணம் லென்ஸின் திறப்பு. 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மி.மீ.; 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. அதே பறவையிடமிருந்து பெரிய லென்ஸ் அள்ளும் ஒளி மூன்றரை மடங்குக்கும் அதிகம். கேனான் படத்தில் கொக்கின் கழுத்து இறகுகள் குருணையில் கரைந்தன. நிகானில் பிரிந்து தெரிந்தன.

பறவையின் கண்ணைத் தேடிப் பிடிப்பதில் இரண்டு பாடிகளும் சளைக்கவில்லை. ஆனால் ஆர்7-இன் சென்சார் படத்தை வரிவரியாக வாசிக்கும் வேகம் குறைவு. எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக அடிக்கும் இறக்கை வளைந்து விழுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் சரியாகிவிடும். நொடிக்கு 15 படங்கள் கிடைக்கும். நிகானில் அந்தக் கவலை குறைவு.

7.30-க்கு வெயில் நன்றாக ஏறியதும் கதை மாறியது. ஐஎஸ்ஓ இறங்க, ஆர்7-இன் 32.5 மெகாபிக்சல் கைகொடுத்தது. முக்குளிப்பானின் கண் துல்லியமாக வந்தது. அதற்குள் பெரிய லென்ஸைத் தூக்கித் தூக்கி சாரின் தோள் வலித்துவிட்டது. சிறியதை எடுத்துக்கொண்டு கரையில் வெகுதூரம் நடந்தார். 9 மணிக்கு நீரின் மேல் கானல் எழுந்ததும் தூரத்துப் பறவைகள் இரண்டு லென்ஸிலும் ஒன்றுபோலக் குழைந்தன. அதை எந்த விலை லென்ஸும் சரிசெய்யாது. அருகில் போக வேண்டும், அல்லது விடியற்காலையில் வர வேண்டும்.

காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் பல கம்பெனிகளின் பாகங்களைத் தானே பொருத்திய 'சூப்பர் பாண்டரோசா' கேமராவில்தான் காட்டு யானைகளைப் படமெடுத்தார். தன் தேவை அவருக்குத் தெரிந்திருந்தது.

என் முடிவு இது. பணத்தில் பெரும்பங்கு லென்ஸுக்கே. பாடி ஒரு படி குறைந்ததாக இருக்கட்டும். சில ஆண்டுகளில் அதை மாற்றலாம், லென்ஸ் கூடவே வரும். வேடந்தாங்கல் போல ஓரிடத்தில் நின்று விடியலில் எடுப்பவர் பெரிய திறப்புள்ள லென்ஸை மோனோபாடுடன் வாங்கலாம். தினமும் நடப்பவருக்கு எடை குறைந்ததே நல்லது. சார் 100-400 பக்கம் சாய்ந்துவிட்டார்.

நீங்களும் வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையில், நீங்கள் வழக்கமாகப் படமெடுக்கும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.