தோளறிந்த தேர்வு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் வளைவுகள் பெருகப் பெருக வெம்மை குறைந்துகொண்டே வரும். சமவெளியில் 32 பாகையைத் தொட்ட வெப்பம், தானா ராத்தாவை அடையும்பொழுது 23 பாகையளவில் தணிந்திருக்கும். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு கூறியதால் அவர் பெயரைப் பெற்ற இம்மலைநிலம், பின்னாளில் ஆங்கிலேயரின் ஓய்விடமாயிற்று. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபின் தேயிலைக்கும் பெயர்பெற்றது. தேயிலைச் சரிவுகளில் உழைக்கத் தமிழர் வந்தனர். ஓய்வெடுக்க வந்தோர் விளையாடுவதற்கெனத் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே கோல்ப் திடல் ஒன்றும் அமைந்தது.

ஆக, அம்மலையில் இருவகைப் பசுமை உண்டு. ஒன்று தேயிலை, மற்றொன்று வெட்டிச் சீராக்கிய புல்வெளி. முதற் பசுமையில் தாய்மார் முதுகில் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். இரண்டாம் பசுமையில் பிறருடைய மட்டைகள் நிறைந்த பையைச் சுமந்து சிறுவர் நடந்தனர். இரண்டு சுமைகளையும் ஒரே வீட்டில் கண்டவர் ஒருவர் இன்றும் தானா ராத்தாவில் வாழ்கின்றார்.

அவருக்கு அகவை எழுபதை நெருங்குகிறது. அஞ்சலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, எழுத்தராக உயர்ந்து, ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் ஈப்போவில் கணக்காய்வாளர். சென்ற ஆண்டு தீபாவளிக்கு வந்தபொழுது, மகிழுந்தின் பின்புறத்திலிருந்து பெரியதொரு கோல்ப் பையை இறக்கினார். கறுப்பும் பொன்னிறமுமாகப் பளபளத்த பை அது. உடன் பணிபுரிவோரோடு சேர்ந்து அவரும் அவ்வாட்டத்தைக் கற்கத் தொடங்கியிருந்தார்.

"கடையில் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், அப்பா. ஆனால் மாற்ற வேண்டியிராது. எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்!" என்றார் மகள்.

பெரியவர் பையைப் பார்க்கவில்லை. அதன் தோள்வாரைப் பார்த்தார். "இதை யார் தூக்குவது, அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டியில் வைத்துவிடலாம். வண்டி இல்லாத இடத்தில் தூக்குவதற்கு ஆள் இருப்பார்கள்."

அவர் மறுமொழி கூறவில்லை.

கோல்ப் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பை என்ற ஒன்றே பெரிதும் வழக்கில் இல்லை. மட்டைகளைச் சுமப்பவர் அவற்றைக் கையிடுக்கில் அணைத்தே நடந்தார். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றும் நிலைத்திருக்கும் கோல்ப் கழகங்களுள் மிகப் பழமையானது 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. 1893இல் கோலாலம்பூரில் சிலாங்கூர் கழகம் பிறந்தது. வெப்பநாடுகளுக்கு ஆட்டம் வந்துவிட்டது. ஆயினும், பை குளிர்நாட்டுப் பையாகவே நெடுங்காலம் இருந்தது. தடித்த தோல், ஒற்றை வார், கனத்த அடிப்பாகம். மட்டைகளின் தொகையும் பெருகியது. சிலர் இருபதுக்கு மேலும் அடுக்கினர். 1938இல் அமெரிக்கக் கோல்ப் சங்கமும், மறு ஆண்டில் பிரிட்டனின் விதி வகுக்கும் கழகமும், பதினான்குக்கு மேல் கூடாது என்று வரையறுத்தன. மென்மையான மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்ததை மாணவர் அறிவர். அவ்வறிவு கோல்ப் திடலை அடைவதற்கு அத்தனை காலம் ஆயிற்று.

மறுநாட் காலையில் பெரியவர் மகளை அழைத்தார். பையில் மட்டைகள் பதினான்கையும் வைக்கச் சொன்னார். பந்துகள் ஒரு டசன், குடை, மழைச்சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆகியவற்றையும் சேர்க்கச் சொன்னார். வீட்டுக்குப் பின்னே தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் செம்மண் பாதையைக் காட்டி, "மேலே அந்த மரம்வரை நீயே சுமந்து போய் வா" என்றார்.

மகள் சிரித்தார். ஆனால் சுமந்தார். பாதி வழியிலேயே வாரைத் தோள்மாற்றினார். மேட்டின் முடிவில் பையைப் பொத்தென்று போட்டுவிட்டு நின்றார். மலைக் குளிரிலும் முதுகுச்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"இது 23 பாகை. நீ விளையாடுவது ஈப்போவில். அங்கே இதே சுமையை எட்டு ஒன்பது கிலோமீட்டர் சுமக்க வேண்டும். நீ சுமக்கவில்லையென்றால் வேறொருவர் சுமப்பார்" என்றார் தந்தை.

பின்னர் அவர் கணக்கை விளக்கினார். கணக்காய்வாளரான மகள் கணக்கைக் கேட்டறியாது விடுவாரா? பதினான்கு மட்டைகள் மட்டும் ஏறத்தாழ ஆறு கிலோ. அதனை எவரும் குறைத்துவிட முடியாது. வேண்டுமானால் மட்டைகளின் தொகையைக் குறைக்கலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு எட்டு ஒன்பது மட்டைகளே போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெயிலில் அதனைக் குறைத்தல் அறிவுடைமையாகாது. எஞ்சியிருப்பது பையின் எடை. தொழில்முறை ஆட்டக்காரரின் பெரும்பை வெறுமையாகவே நான்கு ஐந்து கிலோ இருக்கும். தரையில் வைத்தவுடன் இரு மெல்லிய கால்கள் விரிந்து தாங்கும் நைலான் பையோ இரண்டு இரண்டரை கிலோவில் அடங்கிவிடும். தேர்ந்தெடுப்பவர் கையில் இருப்பது இந்த வேறுபாடு ஒன்றே.

எடைக்கு அடுத்தது வார். ஒற்றை வார் முதுகெலும்பை ஒருபக்கம் இழுக்கும். இரு தோள்களிலும் சுமையைப் பகிரும் இரட்டை வார் 1990களில் பரவியது. அதன் அகலமும் அடியிலுள்ள பஞ்சும் போதுமானவையாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, இடுப்பில் படும் பகுதி. அது வலைபோன்ற துணியாக இருந்தால் காற்று ஊடாடும். இறுகிய நெகிழியாக இருந்தால் வியர்வை தேங்கித் தோல் வெந்துவிடும். நான்காவது, தண்ணீர்ப் புட்டிக்கான உறை. வெப்பம் புகாதவாறு உள்ளே தகடு வைத்துத் தைத்ததாகவும், பையை இறக்காமலே கை எட்டும் இடத்தில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஐந்தாவது, நிறம். கறுப்பு வெயிலை உறிஞ்சும். வெளிர்நிறம் அதனைத் திருப்பி அனுப்பும். இறுதியாக மழை. இந்நாட்டில் நண்பகல் வெயிலுக்குப்பின் மாலையில் இடிமழை வருதல் இயல்பு. மட்டைகளின் தலைகளை மூடும் உறையும், நீர் ஒட்டாத துணியும், ஈரக் கையுறையையும் துண்டையும் தனியே வைக்க ஓர் அறையும் தேவை. ஈரத்தோடு மூடிவைத்த தோற்பையில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பூத்துவிடும்.

இவ்வளவையும் கூறியவாறே அவர் குனிந்து பையை எடுத்தார். ஒரு முழங்காலை மடித்து, வாரைத் தோளில் ஏற்றி, ஒரே அசைவில் நிமிர்ந்தார். மட்டைகள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழுப்பாவண்ணம் அவற்றின் தலைகளை உள்ளங்கையால் அணைத்துக்கொண்டார். அறுபதாண்டுப் பழக்கம்போல் அக்கை தானே சென்று படிந்தது.

மகள் திகைத்து நின்றார். "அப்பா! இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், அதுவரை மகளிடம் கூறாதிருந்ததைக் கூறினார்.

ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் அவர் திடலில் பை சுமந்தார். அத்தொழிலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், தமிழ்க் காதுக்குக் 'கேடி' என்றே ஒலிக்கும். தமிழில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. லயத்துப் பிள்ளைகள் அவ்வாறே அவரை அழைத்துக் கைகொட்டிச் சிரித்தனர். ஒருமுறை வெளியூரார் பலர் ஆடவந்தனர். இரண்டு வெள்ளி கிடைக்கும் என்றறிந்து, திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் திடலுக்குப் போனார். அவருக்குக் கிடைத்தது மழையில் ஊறிய பெரிய தோற்பை. இறக்கமொன்றில் கால் வழுக்கிற்று. மட்டைகள் சேற்றில் சிதறின. பைக்குரியவர் சிறுவனைப் பார்க்கவில்லை, மட்டைகளைப் பார்த்தார். கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

அன்றிரவு தாய் மகனின் சட்டையைக் கழற்றித் தேங்காயெண்ணெய் தடவினார். இடத்தோளில் வார் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது. விளக்கொளியில் மகன் தற்செயலாகத் தாயின் தோள்களைக் கண்டான். அங்கேயும் கூடை வாரின் தடங்கள் இருந்தன. சிவப்பு நீங்கிக் கறுத்து, காய்ப்பேறிய தடங்கள். தாய் அதிகம் பேசவில்லை. "கூடை என்னோடு போகட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் போ, சாமி" என்றார்.

மறுநாள் ஆசிரியர் வராமைக்குக் காரணம் கேட்டார். சிறுவன் வாய் திறக்கவில்லை. சட்டைக் கழுத்தோரம் தெரிந்த தழும்பே விடை கூறிற்று. ஆசிரியர் பிரம்பை எடுக்கவில்லை. விடுபட்ட பாடத்தை அன்று மாலையே இருத்திவைத்து நடத்தினார்.

பள்ளிக்கு மட்டம் போட்டுப் பை சுமந்த சிறுவர் வேறிடங்களிலும் உண்டு. 1913இல் அமெரிக்கத் திறந்தநிலைப் போட்டியில் வென்ற பிரான்சிஸ் உய்மெட் என்னும் இளைஞருக்குப் பை சுமந்த எட்டி லோவரி பத்து வயதுச் சிறுவன். அவனும் பள்ளிக்குப் போகாமல்தான் திடலுக்கு வந்தான். உய்மெட்டும் அதே திடலில் முன்பு பை சுமந்தவரே. இந்தியாவில் பை சுமந்து தொடங்கிய அலி ஷேர் 1991இல் இந்தியத் திறந்தநிலைப் பட்டத்தை வென்றார். வென்றவர்களின் கதை ஏட்டில் ஏறுகிறது. வெல்லாமல் திரும்பிய சிறுவர்களின் கதை அவரவர் தோளோடு தங்கிவிடுகிறது.

"ஏன் அப்பா இத்தனை நாள் சொல்லவில்லை?"

"அஞ்சலகச் சட்டையை மாட்டியபின் அந்தப் பெயரை மறந்துவிட நினைத்தேன். உனக்கும் அது வேண்டாம் என்று எண்ணினேன். நேற்று, தூக்க ஆள் இருப்பார்கள் என்று நீ சொன்னாய். அந்த ஆள் நான்தான், அம்மா."

மகள் தலைகுனிந்தார். தந்தையின் சொல்லில் சினம் இல்லை; அதனாலேயே அது ஆழப் பதிந்தது.

வீட்டுக்குத் திரும்பியபின் பெரியவர் பின்கட்டிலிருந்து பழைய கூடையொன்றை எடுத்துவந்தார். அவருடைய தாயின் கூடை. பிரம்பால் முடைந்தது, வெறுமையாக எடுத்தால் கனமே தெரியாது. இடைவெளிகளில் காற்று புகும். முதுகோடு பொருந்தி, இரு தோள்களுக்கும் சுமையைப் பகிரும். மழையில் நனைந்தாலும் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும். பெயர் தெரியாத கைவினைஞர் ஒருவர் அணியப்போகும் உடம்பை எண்ணிப் பார்த்தே அதனை முடைந்திருக்க வேண்டும். வெப்பநாட்டுப் பைக்கு வேண்டிய இலக்கணம் யாவும் அக்கூடையில் இருந்தன. ஆயினும் அதற்குள் நிறைந்த கொழுந்து சுமந்தவரின் தோளைக் காய்க்கச் செய்தது. நல்ல கூடை வலியைக் குறைக்கும், நீக்கிவிடாது. அதனையும் மறைக்காமல் பெரியவர் மகளுக்குக் கூறினார்.

இன்று அச்சரிவுகளில் கத்தரிகளும் பொறிகளும் கொழுந்து வெட்டுகின்றன. உழைப்போரிற் பெரும்பாலோர் வேற்று நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் படித்து மலையிறங்கிவிட்டனர். அவர்களிற் சிலர் விளையாடும் இடத்திலும் நிற்கின்றனர். அது மகிழ்தற்குரியதே. ஆனால் ஏறிவந்த படியை அறியாதவர், அப்படியில் இன்னும் நிற்பவரைக் காணாதவராகிவிடக் கூடும். ஒரு பையை வாங்கும்பொழுதுகூட அது புலப்பட்டுவிடுகிறது.

நான்காம் நாள் மகள் ஈப்போவுக்குத் திரும்பினார். பளபளத்த பை கடைக்குப் போயிற்று. அதற்கீடாக வெளிர்சாம்பல் நிறத்தில் இரட்டை வார் கொண்ட இலேசான பை ஒன்று வந்தது. அதில் ஒன்பது மட்டைகளே இருந்தன.

பொங்கலுக்கு அவர் மீண்டும் மலையேறி வந்தார். வாயிலில் நின்ற தந்தை, ஆட்டத்தில் எத்தனை அடித்தாய் என்று கேட்கவில்லை. "தோள் வலிக்கிறதா, அம்மா?" என்றார்.

"கொஞ்சம் வலிக்கிறது, அப்பா. நானே சுமக்கிறேன்."

பெரியவர் பையை வாங்கக் கை நீட்டினார். மகள் கொடுக்கவில்லை.