மலையின் இரவுக்கு மூட்டை கட்டுதல்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்க, அதற்கு மேலே கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்னும் பொது விதிப்படி, இவ்விரு இடங்களுக்கும் இடையே 13 டிகிரி வேறுபாடு உண்டு. அதாவது, அடிவாரத்தில் 20 டிகிரியாக உணரப்படும் மார்கழி இரவு, மேலே 7 டிகிரியாக இறங்கிவிடும். கேரளப் பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறிக் கூடாரமிட்டுத் தங்க வருவோர் பலர், வெயிலில் நின்றுகொண்டு கட்டிய மூட்டையோடு அந்த இரவைச் சந்திக்கின்றனர்.

குளிர் காற்றின் வழியாக மட்டுமே வருவதாகக் கருதிக் கனத்த போர்வையை எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். ஆனால், படுத்திருக்கும் உடலின் வெப்பத்தைத் தரை நேரடியாகத் தொட்டு ஈர்த்துக்கொள்ளும். இதனை வெப்பக் கடத்தல் என்பர். ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பையினுள் அடைத்திருக்கும் பஞ்சு, காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதாலேயே கதகதப்பைத் தருகிறது. உடலின் பாரம் அழுத்தும் அடிப்பக்கத்தில் அந்தக் காற்று வெளியேறிவிடுவதால், எவ்வளவு விலையுயர்ந்த பையாயினும் முதுகுப் பக்கம் குளிரவே செய்யும். ஆகவே நுரைப்பாயோ காற்றடைத்த பாயோ போர்வைக்கு முன்பாகவே மூட்டையில் இடம்பெற வேண்டிய பொருளாகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் குளிருக்கு இணையான இடர் ஈரம். மூடிய கூடாரத்தில் உறங்குவோர் விடும் மூச்சின் நீராவி, குளிர்ந்த துணிச்சுவரில் பட்டு நீர்த்துளிகளாகி, விடியும்போது மழை ஒழுகியதோ என்று ஐயுற வைக்கும். வலைத்துணியாலான உட்கூடாரமும், அதிலிருந்து சற்று விலகி நிற்கும் நீர்புகா மேல்விரிப்பும் கொண்ட இரட்டை அடுக்கு அமைப்பு இதற்காகவே உருவானது. காற்றுத் துளைகளைக் குளிருக்கு அஞ்சி அடைத்துவிட்டால் அதன் பயன் கெடும். உடையிலும் இதே கணக்குதான். பருத்தி வியர்வையை உறிஞ்சி நெடுநேரம் ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்க, கம்பளி நனைந்த பின்னும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். எனவே ஏறும்போது அணிந்த பனியனை மாற்றிக்கொள்ள உலர்ந்த மாற்றுடை ஒன்றை நெகிழி உறையில் கட்டித் தனியே வைத்தல் வேண்டும். மழைக்காலமாயின், நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த அட்டைக் காலுறையும் சேரும். அட்டை நுழைய இடைவெளி தராததே அதன் சிறப்பு.

இவை அனைத்தையும் சுமப்பது ஒரே முதுகு என்பதால், உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமை தாண்டாதிருத்தல் நலம். உறக்கப்பை அடியிலும், நீர், உணவு போன்ற கனமானவை முதுகை ஒட்டி நடுவிலும், மழைக்கோட்டும் தலையில் மாட்டும் விளக்கும் மேலேயும் இருப்பின், பாரம் பின்னோக்கி இழுக்காது. திடீர் மழையில் மூட்டை முழுவதையும் அவிழ்க்கவும் நேராது.

தீ மூட்டும் பொருள்கள் போன்று, மூட்டையில் கவனத்தோடு தவிர்க்க வேண்டியவையும் உள. கொழுக்குமலையின் கீழுள்ள குரங்கணிக் காட்டில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடை தொடங்கியதும் போதைப்புல் போன்ற உயர்ந்த மலைப்புற்கள் காய்ந்து, சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும் அந்நிலத்தில், கூடார வாசலில் மூட்டிக் குளிர்காயும் நெருப்புக்கு இடமில்லை. அந்த நெருப்பின் தேவையை இல்லாமற் செய்பவை தரைப்பாயும் உலர்ந்த கம்பளியுமே. அவற்றை மறந்து வந்தவரே நள்ளிரவில் சுள்ளி தேடிப் புறப்படுகிறார். வனத்துறையின் அனுமதிச் சீட்டும், குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதற்கான காலிப் பையும் ஏறக்குறைய எடையற்றவை. அவற்றையும் சேர்த்த பின்னரே மூட்டையின் வாயைக் கட்டலாம்.