சீட் கூடுச்சு, வாத்தியார்?

கோவை அரசு கலைக் கல்லூரி 1852-ல் பள்ளியாகத் தொடங்கியது. இன்று இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது. 2025-ல் அரசு கலைக் கல்லூரிகளில் 20 சதவீத இடங்களைக் கூட்ட அனுமதி வந்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். அன்னூர், சுல்தான்பேட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரி ஃபீஸ் கட்ட வழியில்லை.

ஆனால் சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் எடுப்பது யார்? தமிழகம் முழுக்க அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலி. அந்தச் சுமையைத் தாங்குவது கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம்தான். யுஜிசி 2019-லேயே 50,000 வரை தரலாம் என்றது.

அவர்களில் ஒருத்தி, நெட் தேறி முனைவர் பட்டமும் வாங்கிய என் தோழி, சம்பளமில்லாத மே மாதம் டியூஷன் எடுக்கிறாள். ஜூனில் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு வளையல் அடகுக்குப் போகிறது. "பசங்க மொகத்தப் பாத்தா விட்டுட்டு வர மனசு வரமாட்டேங்குதுங்க்கா" என்கிறாள்.

அரசுக்கு நிதி நெருக்கடி இருக்கலாம். அதை இவள் வளையலில் ஈடுகட்டுவது அநியாயம். இடங்களைக் கூட்டும், புதுப் பாடப்பிரிவு அறிவிக்கும் அரசாணையிலேயே அதற்கான நிரந்தரப் பணியிடமும் இருக்க வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்.