அச்சுக்கூடத்திலிருந்து போறணைக்கு

தமிழ்ப் பத்திரிகைத் துறையை விட்டு விலகியவர்கள் பிற்காலத்தில் என்ன தொழில் செய்தார்கள் என்று எவராவது தேடித் தொகுத்தால் அது சுவையான நூலாக அமையும். என்னோடு ஆசிரியபீடத்தில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் சட்டத்தரணியானார். இருவர் ரொறன்ரோவில் வாடகைக் கார் ஓட்டினர். ஒருவர் லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் நீண்டகாலம் இரவுக் கடமை பார்த்தார். இன்னொருவர் கோயில் கணக்கப்பிள்ளையாகி, எங்கள் எல்லோரையும் விட நிம்மதியாக வாழ்ந்து மறைந்தார். ஒரேயொருவர் மட்டும் பாரிஸ் நகரில் கேக் செய்கிறார். சும்மா அல்ல, முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் பெற்றுச் செய்கிறார். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நண்பர் என்றே குறிப்பிடுகிறேன்.

நண்பர் 1994 இல், தமது 21 ஆவது வயதில், கொழும்பில் நாளிதழ் ஒன்றில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்தார். பின்னர் உதவி ஆசிரியரானார். ஆனாலும் அவருடைய கண் கடைசிவரை ஒப்புநோக்காளரின் கண்ணாகவே இருந்தது. பக்கம் அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் தூரத்தில் நின்று பார்த்தே, "மூன்றாம் பந்தியில ஒற்று விழுந்துபோச்சு" என்பார். விழுந்துதான் இருக்கும்.

2005 ஏப்ரலில் கொழும்பில் தராக்கி சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அக்காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் வேலை செய்தவர்கள் வீடு திரும்பும் வழியை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டிருந்தோம். 2007 இல் நண்பர் பிரான்ஸுக்குப் போனார். அது தொழில் மாற்றம் அல்ல, உயிர் தப்பல். பாரிஸில் அவருக்குக் கிடைத்தது உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. அங்கு போய்ச் சேர்ந்த நம்மவர்களில் ஏராளமானோர் புகுந்த வாசல் அதுதான். கோப்பை கழுவி, காய்கறி வெட்டி, சாலட் அடுக்கி, கடைசியில் இனிப்பு வகைகளைத் தட்டில் வைக்கும் மூலைக்கு அவர் வந்து சேர ஏழெட்டு ஆண்டுகள் சென்றன.

அந்த மூலையில்தான் அவருக்குப் பிடித்துக்கொண்டது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பிரான்ஸின் உணவகங்கள் எல்லாம் மூடப்பட்டன. சம்பளத்தின் ஒரு பகுதி வந்துகொண்டிருக்க, வீட்டில் சும்மா இருந்த நண்பர், முறைப்படி படிப்பது என்று முடிவு செய்தார். அங்கே இதற்கு சே.ஆ.பே. என்ற தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பாடசாலையோடு சேர்த்துப் படிப்பது. பெரியவர்களும் வெளிவாரியாகத் தோற்றலாம். வேலை செய்பவர் ஒவ்வொருவரின் பெயரிலும் பயிற்சிக்கென்று ஆண்டுக்கு 500 யூரோ சேரும் கணக்கு ஒன்றையும் அரசாங்கம் வைத்திருக்கிறது. அங்கிருக்கும் நம்மவர் பலர் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை என்பது நண்பரின் குறை.

செய்முறைப் பரீட்சை இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். போதாததற்குப் பிரெஞ்சு மொழி, கணிதம், வரலாறு, புவியியல் ஆகிய பொதுப் பாடங்களையும் அவர் எழுத வேண்டியிருந்தது. பிறர் எழுதிய தமிழில் பிழை பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர், 49 ஆவது வயதில் பிரெஞ்சில் கட்டுரை எழுதி இன்னொருவரின் சிவப்பு மையை வாங்கினார். பயிற்சிக்குப் போன கடையில் அவருடைய தலைமைச் சமையற்காரருக்கு வயது 28.

தொலைபேசியில் அவர் அடிக்கடி பேசியது பட்டரைப் பற்றி. அடுக்கு மா செய்வதற்கு, பிசைந்த மாவினுள் பட்டரைப் பொதிந்து, நீளமாக உருட்டி, மூன்றாக மடிக்கவேண்டும். குளிரில் வைத்து எடுத்து மறுபடியும் உருட்டி மூன்றாக மடிக்கவேண்டும். இப்படி ஆறு தடவை. மூன்று ஒன்பதாகி, ஒன்பது இருபத்தேழாகி, ஆறாவது மடிப்பில் பட்டர் அடுக்குகள் 729 ஆகிவிடும். பட்டர் சற்று இளகினால் மாவோடு கலந்து அடுக்கே இல்லாமற் போகும். அதிகம் குளிர்ந்தால் உள்ளே நொறுங்கி மாவைக் கிழிக்கும். மாவும் பட்டரும் ஒரே பதத்தில் வளையவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், போறணையின் சூட்டில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் மேலே தூக்கும். பிழை எங்கே நேர்ந்தாலும் அது வெந்த பிறகுதான் தெரியும், அப்போது திருத்த முடியாது என்றார். அச்சடித்த பத்திரிகையும் அப்படித்தானே என்றேன். "இல்லை அண்ணை, நீங்கள் அடுத்த நாள் திருத்தம் போடுவியள். இஞ்ச குப்பைவாளி தான்" என்றார்.

எங்கள் வீடுகளில் கேக் அடித்தவர்கள் அப்படியொன்றும் அறியாதவர்கள் அல்லர். ஒரு றாத்தல் மா, ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, அதற்கேற்ற முட்டை என்று என் மாமி பட்டர் கேக்குக்குக் கணக்குச் சொல்வார். இதே கேக் பிரான்ஸில் காத்ர் கார் என்ற பெயரில் இருப்பதைப் பாடப் புத்தகத்தில் கண்டு நண்பர் துள்ளிவிட்டார். பெயரின் பொருள் நான்கு காற்பங்கு: மா, பட்டர், சீனி, முட்டை நான்கும் ஒரே நிறை. பாண் என்ற சொல்லையும் குசினி என்ற சொல்லையும் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்ட நமக்கு இதில் வியப்பு என்ன இருக்கிறது என்று கேட்டேன். வியப்பு அதிலல்ல, மாமி கையாலும் கண்ணாலும் செய்ததைக் கிராம் கணக்கில் எழுதி, பாடமாக்கி, பரீட்சை வைத்து, ஒரு தொழிலாக மதிக்கும் சமூகம் ஒன்று இருப்பதுதான் வியப்பு என்றார். அந்த நாட்டில் மாப் பிசைந்து சுடும் வேலையைக் கடையிலேயே செய்யாதவர் பாண் வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. 1998 ஆம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது.

நம்முடைய சமூகம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். உணவகத்தில் பெற்ற சம்பளத்தை விட, புதிதாகச் சான்றிதழ் பெற்றவருக்குக் கிடைப்பது குறைவு. மனைவியின் கவலை அது, நியாயமான கவலை. மற்றவர்களின் கவலை வேறு. "ஐம்பது வயசில பேக்கரிக்காரனாகப் போறியோ?" என்று லாசப்பல் கடைத்தெருவில் வைத்தே ஒருவர் கேட்டாராம். ஊரில் இருக்கும் மாமனாரோ மருமகனை இன்றும் பத்திரிகையாளர் என்றுதான் அறிமுகம் செய்கிறார். 1999 இல் "பேப்பர்காரனுக்குப் பெண் கொடுக்கிறதோ" என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தவர் இதே மாமனார்தான் என்பது, திருமணப் பேச்சுக்குத் தூது போன எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பற்றி நண்பர் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. "அண்ணை, நான் கோப்பை கழுவேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பத்து வருசத்துக்கு மேல. படிக்கப் போறன் எண்டவுடன தான் எல்லாருக்கும் மானம் போகுது."

உண்மை. விதி தள்ளிவிட்ட வேலை என்றால் நம்மவர் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் என்ன செய்தாலும் அது தற்காலிகம், உள்ளுக்குள் அவர் இன்னும் ஆசிரியர், இன்னும் எழுதுவினைஞர், இன்னும் பத்திரிகையாளர் என்று எண்ணிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. ஒருவர் கைத்தொழில் ஒன்றை விரும்பிக் கற்று, இதுதான் என் தொழில் என்று சொல்லும்போது அந்த இடம் அடைபட்டுப் போகிறது. பழைய கதிரைக்கு இனி இவர் திரும்பமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 

2023 இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெற் பாணுக்கான விருதை ஈழத்தமிழரான தர்ஷன் செல்வராஜா வென்றார். 4,000 யூரோ பரிசோடு, ஜனாதிபதி மாளிகைக்கு ஓராண்டு பாண் வழங்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. செய்தி உலகத் தமிழ் ஊடகங்கள் எல்லாவற்றிலும் வந்தது. அந்த வாரம் உறவினர் பலர் நண்பருக்கு அழைப்பெடுத்து, "நீரும் அந்த லைன் தானே?" என்று விசாரித்தார்களாம். பாண் வேறு, இனிப்பு வேறு, அங்கே இரண்டும் தனித்தனிப் படிப்பு என்று விளக்கிக் களைத்துப்போனதாகச் சொன்னார். 

என் பங்குக்கு ஒன்று. நண்பர் எழுதுவதை நிறுத்தியது இழப்பு என்று நான் முன்பும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இன்று வெளியாகும் தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்புகளைப் பார்க்கையில் இன்னும் கூடுதலாக நினைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு கட்டுரையாவது எழுதித் தாரும் என்று கேட்பேன். சிரித்துவிட்டுக் கதையை மாற்றிவிடுவார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவரிடம் அதற்கு மேல் வற்புறுத்த முடிவதில்லை. "அங்க இரவு ரண்டு மணிக்குப் பேப்பர் இறங்கும், இஞ்ச விடிய ஆறு மணிக்குக் குறுவாசோன் இறங்கும். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியேல்லை" என்கிறார்.

விடுமுறை நாட்களில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறார். அண்மையில் ஒரு குடும்பம், கேக்கின் மேல் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதும்படி கேட்டிருக்கிறது. எங்கள் ஆசிரியபீடத்தில் ‘வாழ்த்துகள்’ என்றே போடுவது வழக்கம். இந்தச் சண்டை தமிழுலகில் இன்னும் தீரவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். நண்பர் ஒற்று இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். கேக்கை வாங்க வந்த தகப்பனார் பிழை விட்டுவிட்டீர்கள், ஒரு ‘க்’ போடுங்கள் என்று நின்றிருக்கிறார். ஐசிங் மிச்சம் இருந்ததாம். போடவில்லையாம். அவரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டே எனக்கு அழைப்பெடுத்தார். குற்றியலுகரத்தில் தொடங்கி அரை மணித்தியாலம் பேசினோம்.