இழப்பதற்கு ஏதேனும் உள்ளவனின் துணிவு

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. மகள் விடுமுறையில் விக்டர் ஹியூகோவின் பெருநாவலைச் சுருக்கப் பதிப்பில் படித்து முடித்திருக்கிறாள். சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குத் தந்த அதே கதை. புத்தகப் பையை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “ஜாவேர் யாருக்குமே பயப்படலையேம்மா. அப்படிப்பட்டவன் ஏன் ஆத்துல குதிச்சுச் சாகணும்?”

“படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

1950-இல் அந்தப் பெயரிலேயே படமும் வந்தது. நாகையா நாயகன் கந்தனாக நடித்தார். போலீஸ் அதிகாரியாக வந்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்பது வாழ்நாள் முழுக்க முன்பெயராக ஒட்டிக்கொண்டது. விரட்டியவனின் பெயர் தமிழ்நாட்டில் தங்கிவிட்டது. ஓடியவனின் பெயர் தங்கவில்லை. அந்த ஓடியவன், ழான் வல்ழானைப் பற்றி அவளிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் படித்த முழு நூலைப் பரணிலிருந்து இறக்கினேன். முக்கியமான இடங்களை மட்டுமாவது இந்த வாரம் திரும்பப் படிக்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

அக்காவின் ஏழு பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன் வல்ழான். அதற்கு ஐந்து ஆண்டு. தப்பிக்கப் பார்த்த குற்றத்துக்கு மேலும் 14. ஆக 19 ஆண்டு சிறை. 1815-இல் வெளியே வருகிறான். கையில் மஞ்சள் நிற அடையாளச் சீட்டு. எந்தச் சத்திரத்திலும் இடமில்லை. பிஷப் மிரியேல் சோறு போட்டுப் படுக்க வைக்கிறார். அவர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களையே தூக்கிக்கொண்டு ஓடிப் பிடிபடுகிறான். அவற்றை நான்தான் கொடுத்தேன் என்று பிஷப் போலீசாரிடம் சொல்லி, விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார்.

எல்லோரும் கொண்டாடும் காட்சி இது. ஆனால் இதில் துணிவு பிஷப்புடையது. வல்ழான் திகைத்து நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கு அடுத்து நடப்பதுதான். அன்றே, ஊருக்கு வெளியே, ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்துப் பறித்துக்கொள்கிறான். அப்புறம்தான் அழுகிறான். மன்னிப்புக் கிடைத்த கணமே மனிதன் திருந்திவிட்டான் என்று எழுத ஹியூகோவுக்கு மனம் வரவில்லை. பழைய கை பழைய வேலையை இன்னொரு முறை செய்கிறது. அதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வருகிறது.

ஜூன் 4, புதன்

நேற்றிரவும் இன்றும் ஒரே பகுதிதான். முதல் பாகத்தின் ஏழாம் புத்தகம்.

வல்ழான் இப்போது மதலேன் என்ற பெயரில் ஒரு ஊரின் மேயர். கருமணித் தொழிலில் ஊரையே வாழவைத்தவர். மருத்துவமனைக்குப் படுக்கைகள் தந்தவர், பள்ளிகள் கட்டியவர். அந்த நேரம் பார்த்து அராஸ் நகரில் ஷான்மத்தியே என்ற கிழவன் மாட்டிக்கொள்கிறான். ஆப்பிள் கிளை திருடிய வழக்கு. அவன்தான் வல்ழான் என்று சாட்சிகள் அடித்துச் சொல்கிறார்கள். மேயர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழைய பெயர் கிழவனோடு புதைந்துவிடும்.

விடிய விடிய அறைக்குள் நடக்கிறார். தன் பக்கம் அவர் அடுக்கும் நியாயங்களில் ஒன்றுகூட அற்பமானதில்லை என்பதுதான் கொடுமை. நான் போய்விட்டால் தொழிற்சாலை என்ன ஆகும்? சாகக் கிடக்கும் ஃபான்தீனுக்கு அவள் குழந்தையைக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்னேனே? ஒரு திருட்டுக் கிழவனுக்காக இத்தனை பேரைப் பட்டினி போடலாமா? நானாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே படுத்துத் தூங்கியிருப்பேன்.

விடியுமுன் கிளம்புகிறார், ஒரு முடிவுக்கும் வராமலேயே. வழியில் வண்டிச் சக்கரம் உடைகிறது. இன்று சரி செய்ய முடியாது என்று பட்டறைக்காரர் சொன்னதும் அவருக்கு மூச்சு வருகிறது: நான் முயன்றேன், விதி தடுத்துவிட்டது! ஆனால் வேறு வண்டி கிடைத்துவிடுகிறது. அராஸ் போய்ச் சேர இரவு எட்டு மணி. நீதிமன்றக் கதவின் கைப்பிடிவரை போகிறார். திரும்பி நடைவழியில் ஓடுகிறார். வியர்வையோடு சுவரில் சாய்ந்து நிற்கிறார். பிறகு தலை குனிந்து திரும்பி வருகிறார். உள்ளே இருந்த ஒரு மணி நேரத்தில் தலைமுடி முழுக்க வெளுத்துவிடுகிறது.

நம் கதைகளில் வீரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். இங்கே ஓடிப்போனவன் திரும்பி வருகிறான். அந்தக் கதவுக்கும் நடைவழிக்கும் இடையிலான சில அடிகளுக்காகவே ஹியூகோவை ஆசான் என்பேன்.

விலையையும் அவர் மறைக்கவில்லை. மேயர் கைதாகிறார், ஃபான்தீன் மகளைப் பார்க்காமலே சாகிறாள், ஊரின் தொழில் நசிந்துபோகிறது. அவர் பயந்தது அத்தனையும் நடக்கிறது. கிழவன் மட்டும் விடுதலையாகிறான்.

ஜூன் 5, வியாழன்

நாவலில் வரும் பாரீஸ் கிளர்ச்சி தொடங்கியது 1832-இல் இதே தேதியில். தெருத்தடுப்புப் பகுதியைப் படித்தேன். சிறுவன் கவ்ரோஷ் தோட்டா பொறுக்கிக்கொண்டே சாகும் இடத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மபேஃப் தாத்தாதான் நெஞ்சில் நிற்கிறார். செடிகளையும் புத்தகங்களையும் தவிர வேறொன்றும் தெரியாத 80 வயதுச் சாது. வறுமையில் கடைசிப் புத்தகத்தையும் விற்றுவிட்டு வந்தவர், யாரும் ஏறத் துணியாத தடுப்பின்மேல் கொடியோடு ஏறிச் சுடப்பட்டு விழுகிறார். இளைஞர்கள் கண்கலங்குகிறார்கள், நானும்தான். ஆனாலும் அவருக்குத் திரும்பிப் போக வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

வல்ழானுக்கு, அவர் மகளாக வளர்த்த ஃபான்தீனின் குழந்தை கோசெத் இருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

வாசகர்கள் அவசரத்தில் தாண்டிவிடும் ஒரு பக்கம் உண்டு. கோசெத்தைக் காதலிக்கும் மரியுஸ் தெருத்தடுப்பிலிருந்து அவளுக்கு எழுதிய கடிதம் வல்ழானின் கையில் சிக்குகிறது. பையன் சாகப்போகிறான் என்று தெரிந்ததும் அவருக்கு முதலில் வருவது மகிழ்ச்சி! அவள் இனி எனக்கே. இத்தனை காலம் பண்பட்ட மனிதனுக்குள்ளிருந்தும் அது வருகிறது. சிறிது நேரத்தில் முகம் இருள்கிறது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் போகிறார். அங்கே யாரையும் கொல்லவில்லை. உளவாளியாகப் பிடிபட்டுக் கையில் கிடைத்த ஜாவேரையும் அவிழ்த்து விடுகிறார். தன் மகளைத் தன்னிடமிருந்து கொண்டுபோகப் போகிற பையனைத் தோளில் போட்டுச் சாக்கடை வழியே சுமந்து வருகிறார்.

ஜூன் 7, சனி

பக்ரீத் விடுமுறை. மத்தியானம் அவளும் நானும் உட்கார்ந்து ஜாவேரைப் படித்தோம்.

சிறையில் பிறந்தவன் ஜாவேர். அம்மா குறி சொல்பவள், அப்பா கைதி. சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிறப்பிலிருந்து ஏறி வந்தான். தடுப்பில் அவனைக் கட்டிப்போட்டபோதும் கெஞ்சவில்லை. மேயர்மேல் தவறாகச் சந்தேகப்பட்டதாக நம்பியபோது, தன்னை வேலையைவிட்டு நீக்கும்படி தானே போய்க் கேட்டான். அவனை வில்லன் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

தன் உயிரைக் காப்பாற்றிய கைதியைப் பிடிக்காமல் விடுகிறான். பிறகு காவல் நிலையத்தில் உட்கார்ந்து நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதுகிறான். சோதனையின்போது கைதிகளை வெறுங்காலோடு கல்தரையில் நிற்கவைக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு இருமல் வருகிறது என்று ஒரு வரி. அவனுக்குள் ஏதோ முளைவிட்டாயிற்று என்பதற்கு அந்த இருமலே சாட்சி. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு சேன் ஆற்றில் குதிக்கிறான்.

“அப்போ அவனுக்குச் சாகத்தான் பயமில்லை. மாறத்தான் பயம். இல்லையாம்மா?” என்றாள்.

நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள். துப்பாக்கி முன்னால் நிற்க அவனுக்கு உரம் இருந்தது. நேற்றுவரை நம்பியது தப்பு என்று ஒப்புக்கொண்டு மறுநாள் காலை வேலைக்குப் போக உரம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

கடைசிப் பாகம். 1833 பிப்ரவரி 16-இல் கோசெத்துக்கும் மரியுஸுக்கும் திருமணம். வல்ழான் தொழிலில் சேர்த்த கிட்டத்தட்ட ஆறு லட்சம் பிராங்கையும் அவளுக்கே கொடுத்துவிடுகிறார். பொய்ப் பெயரில் கையெழுத்திட வேண்டி வருமே என்று விரலில் காயம்போலக் கட்டுப் போட்டுக்கொள்கிறார். மறுநாள் காலை மருமகனிடம் போய், நான் பழைய கைதி என்கிறார்.

யாரும் அவரைத் தேடவில்லை. போலீஸ் கணக்கில் செத்துப்போனவர். அராஸில் ஒரு அப்பாவியின் உயிர் நடுவில் இருந்தது. இங்கே அப்படி எவரும் இல்லை. குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் பொய்ப் பெயரில் வாழ முடியாது என்பது மட்டுமே காரணம். அவரிடம் இருந்தவை எல்லாம் போய் ஒரே ஒரு செல்வம் மிஞ்சியிருந்தது. அதையும் தானே விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

சாக்கடையில் மரியுஸைச் சுமந்தது தான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. கெட்டதை ஒப்புக்கொண்டு நல்லதை மறைத்தது எனக்கு உடன்பாடில்லை. அந்த மௌனத்தால் கோசெத்தும் அப்பாவை இழக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. மரியுஸ் உண்மை அறிந்து ஓடி வரும்போது அவர் சாகும் தறுவாயில் இருக்கிறார். இந்த இடத்தில் வல்ழான் தன்னைத் தண்டிப்பதில் அளவு மீறிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் பிஷப் வீட்டில் திருடியவனால் இந்தக் காலையைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. அன்று அவனிடம் இழக்க ஒன்றுமே கிடையாது; வளர வளரத்தான் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியது கூடிக்கொண்டே போயிற்று.

மகளின் சுருக்கப் பதிப்பில் இந்தக் காலை நாலே வரியில் முடிகிறது. அவள் கையில் முழு நூலின் ஐந்தாம் பாகத்தைக் கொடுத்திருக்கிறேன். சுருக்கத்தோடு நின்றுவிட்டவர்கள் யாராக இருந்தாலும், அந்தப் பாகத்தின் ஏழாம் புத்தகத்தை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.