பாக்கி: ரூ. 0.00

பெங்களூர்ல பொட்டி தட்டுறவன் லீவுக்கு எடமலைப்பட்டி புதூர் வந்தா தின்னுட்டுத் தூங்கணும். நான் என்ன பண்ணேன்? அம்மாவோட மகளிர் குழு கடன் நோட்டை ஜாவாவுல ஒரு குட்டி புரோகிராமா மாத்திக் குடுத்தேன்.

முதல் கூட்டத்துலயே பாக்கி லிஸ்ட்ல எதிர்வீட்டு அக்கா பேரு. "பாக்கி: ரூ. 0.00"! கடைசித் தவணை வரைக்கும் கட்டினவங்க. பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு அடுத்த கடன் கேட்டிருந்தாங்க. கம்ப்யூட்டர்ல பாக்கின்னு வருதேன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க. "ஏன் தம்பி, நான் பாக்கி வெக்கிற ஆளா?"ன்னு அக்கா கேட்டப்ப எனக்குப் பேச்சே வரலை.

தப்பு என்னுதுதான். பைசாவை 'டபுள்'ல வெச்சிருந்தேன். அதுக்குத் தெரிஞ்ச பின்னமெல்லாம் அரை, கால், அரைக்கால், மாகாணின்னு (1/16) பாதி பாதியா வெட்டினதுதான். பத்துல ஒண்ணு அதுல அடங்காது. மூணுல ஒண்ணை 0.333ன்னு எழுதற கதையா போய்க்கிட்டே இருக்கும், எங்கயாவது நறுக்கணும். 0.1ஐ பத்து தடவை கூட்டுங்க, 0.9999999999999999 வரும். ஒரு பைசாவுலேர்ந்து 99 பைசா வரைக்கும் கச்சிதமா உக்கார்றது 25, 50, 75 மூணுதான்! அக்கா கணக்குலயும் இப்படி ஒரு துணுக்கு மிஞ்சிடுச்சு. பிரிண்ட் பண்ணா 0.00, "பூஜ்யத்துக்குச் சமமா?"ன்னு கேட்டா இல்லைங்கும்.

(தாத்தா காலத்துல இந்த வம்பு இருந்திருக்காது. 1957 ஏப்ரல் 1க்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. டபுளுக்கு அல்வா! அணாவுல 12ல ஒரு பங்கு 'பை' மட்டும் மாட்டும்.)

அன்னிக்கு ராத்திரியே 'பிக்டெசிமல்'க்கு மாத்தினேன். அதுக்கு 0.1ஐ எண்ணா குடுத்தா அதே குப்பை உள்ளே போகும், மேற்கோளுக்குள்ள எழுத்தா குடுக்கணும். அது தெரியும். தெரியாம போனது 'ஈக்வல்ஸ்'. அதுக்கு 0.00 வேற, 0 வேற. மறுநாள் பிரிண்ட்ல திரும்பவும் அக்கா! 'கம்பேர்டூ' போட்டப்புறம்தான் பேரு போச்சு.

பிரிண்ட்டை எடுத்துக்கிட்டு நானே போனேன். "நோட்டுல என்ன இருக்கு தம்பி?"ன்னாங்க. "சைபர்தான்க்கா, அப்பவே."

கடன் அடுத்த கூட்டத்துல கிடைச்சுது. ஃபீஸுக்குக் கடைசித் தேதி தாண்டிடுச்சு, அபராதத்தோட கட்டினாங்க. அதை நான் தர்றேன்னேன், வாங்கலை.

டிஸ்கி: பைசாவை முழு எண்ணாவே வெச்சிருக்கலாமேன்னு கேக்கற ஜாவா அண்ணாச்சிகளே, இப்ப அப்படித்தான் இருக்கு. வட்டியை வகுக்கறப்ப அரைப் பைசா எந்தப் பக்கம் போகணும்கிறதுக்கு போன வாரம் குழுவுல தனிச் சண்டை :-)