நாங்கள் பகிர்ந்த குச்சிகள்

ஆத்தூர்ப் பக்கம் உறவினர் தோட்டத்திலிருந்து மரவள்ளிக் குச்சிகள் இரண்டு கட்டு கொண்டுவந்தோம். சிவகாசியில் எங்கள் பங்கைச் சேர்ந்த பட்டாசுத் தொழிலாளர் சிலருக்குக் கொல்லையில் சிறிது மண் உண்டு. தீபாவளிக்குப்பின் ஆலைகள் மூடிக்கிடக்கும் நாட்களில் கிழங்கு கைகொடுக்குமென எண்ணி, தவக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒன்பது குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தோம். கோவில் முற்றத்தில் எங்களுக்குக் கிடைத்த வாழ்த்து கொஞ்சமன்று.

துளிர்த்த இலைகளிலேயே மஞ்சள் திட்டுக்கள் தோன்றின. இலைகள் சுருங்கிக் கோணின. உளுந்தில் மஞ்சள் தேமலைக் கண்டு பழகிய கரிசல் விவசாயிகள், "வெள்ளை ஈயின் வேலை" என்றனர். நாங்களும் நிம்மதியுடன் ஈயின்மேல் பழியைப் போட்டோம்.

பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் செடியின் அடி இலையைத் தொட்டுக் காட்டினார். "ஈயால் வந்திருந்தால் அடி இலைகள் நலமாயிருக்கும், பின்னர் விட்ட மேல் இலைகளில்தான் தேமல் தெரியும். இங்கே முதல் இலையே நோயுற்றிருக்கிறது. இது குச்சியோடு வந்த நோய், ஐயா."

எங்களுக்குப் பேச நா எழவில்லை.

வெள்ளை ஈ குற்றமற்றதன்று. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள அப்பூச்சி, இலையின் அடிப்புறம் அமர்ந்து சாறு உறிஞ்சுகையில் வைரஸை ஏற்று, அடுத்த செடிக்குக் கொண்டுசெல்லும். நோயுற்ற கொல்லை அருகிலிருந்தால் நல்ல செடியும் தப்புவது அரிது. எனினும் வளர்ந்த செடிக்கு ஈயால் பிந்தி வரும் நோய் கிழங்கை அவ்வளவாகக் குறைப்பதில்லை. குச்சியோடு பிறந்த நோயே விளைச்சலை உருக்குலைக்கும். அன்றியும் ஈ எவ்வளவு தூரம் பறக்கும்? பேருந்தில் ஏறி ஆத்தூரிலிருந்து சிவகாசி வந்தது நாங்கள் அல்லவா! இலங்கையின் பெயர் தாங்கிய மரவள்ளித் தேமல் வைரஸ் 2015-இல் கம்போடியாவில் காணப்பட்டு, பின் வியட்நாமிலும் தாய்லாந்திலும் பரவியதற்கும் நடவுக்குச்சி கைமாறியதே பெருங்காரணம் என்கின்றனர்.

நலமான செடியை முன்பே அடையாளமிட்டு அதில் மட்டும் குச்சி வெட்டவேண்டும். திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த ஸ்ரீ பத்மநாபா போன்ற, நோய் தாங்கும் வகைகளும் உண்டு. இவற்றையெல்லாம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

ஒன்பது வீடுகளுக்கும் நடந்தோம். எட்டு வீடுகளில் செடிகளைப் பிடுங்கிக் குழியிட்டுப் புதைத்தோம். (எங்கள் ஊரில் கொல்லையில் தீ மூட்ட எவரும் துணியார்.) ஒன்பதாம் வீட்டு விதவைத் தாய் மட்டும், "கொடுத்ததும் நீங்கள், பிடுங்கச் சொல்வதும் நீங்கள்தானா, அண்ணாச்சி?" என்றார். வற்புறுத்த வாய் வரவில்லை.

தீபாவளி கழிந்து அவர் தோண்டியபோது விரல் பருமனில் சில கிழங்குகளே கிடைத்தன. உண்பவருக்கு அந்நோயால் தீங்கில்லை. அவற்றை அவித்து, முதல் தட்டை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.